போன பார்சல் திரும்பி வந்தால்: லேபிளில் எங்கே கோளாறு?

"பார்சல் திரும்பி வந்துடுச்சுண்ணா, பிரிண்டரை மாத்தணுமா?" வேலூரில் வீட்டிலிருந்தே சரக்கு அனுப்புகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். மாற்ற வேண்டாம். ஆரணிப் பட்டோ, குடியாத்தம் லுங்கியோ, ஆம்பூர் செருப்போ, எதை அனுப்பியிருந்தாலும் அது எங்கே நின்றது என்பதை முதலில் பாருங்கள். கவுன்டரிலேயே நின்றதா, வழியில் தடம் மாறியதா, வீட்டு வாசல் வரை போய்த் திரும்பியதா? ட்ராக்கிங்கின் கடைசி இரண்டு வரியைப் படித்தாலே தெரிந்துவிடும்.

ஒரே லேபிள்தான் என்றாலும் ஒவ்வோர் இடத்திலும் அதன் வேறு வேறு மூலையைத்தான் படிக்கிறார்கள். கவுன்டரில் பார்கோடும் எடையும். பை பிரிக்கும் இடத்தில் பின்கோடு. தெருவில் சைக்கிளோடு நிற்கும் தபால்காரருக்கு அந்தக் கறுப்புக் கோடுகள் வீட்டைக் காட்டித் தராது. கதவு எண்ணும் போன் நம்பரும்தான் அவருக்கு வேண்டும். நின்ற இடத்தை வைத்துத் தேடினால் கோளாறு சீக்கிரம் அகப்படும்.

திருப்பத்தூருக்கு அனுப்பியது சிவகங்கைப் பக்கம் கிடக்கிறது

நம் பக்கத்து வியாதி இது. திருப்பத்தூர் இரண்டு உண்டு. நம்முடையது 635601, சிவகங்கை மாவட்டத்தினுடையது 630211. ஆங்கிலத்தில் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் எழுதுகிறோம். லேபிள் அடிக்கும் மென்பொருளில் நாலு எழுத்து அடித்ததுமே திருப்பதி, திருப்பத்தூர், திருப்பூர் என்று வரிசையாக விழும். அவசரத்தில் மேலே இருப்பதைத் தொட்டால் முடிந்தது. வேலூரும் தப்பவில்லை. நாமக்கல் மாவட்டத்தில் பரமத்தி வேலூர் இருக்கிறது, 638182. ஆங்கிலக் கையெழுத்தில் முதல் எழுத்துக்கு ஒரு கோடு கூடிவிட்டால் வேலூர் நெல்லூராகிவிடும்.

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்ததே இந்த மாதிரி ஊர்ப்பெயர்க் குழப்பத்தைத் தீர்க்கத்தான். ஆறு இலக்கத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, முதல் மூன்றைப் பார்த்தால் போதும். முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம் பக்கம். 5 என்றால் ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம். நெல்லூர் 524-ல் தொடங்குகிறது, ஆக பின்கோடு சரியாக இருந்தால் கையெழுத்து எப்படி இருந்தாலும் வேலூர்ப் பார்சல் அங்கே போகாது. முதல் மூன்று இலக்கம் தபால் பிரிக்கும் வட்டாரம், கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் அஞ்சலகம். வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை, ஆற்காடு எல்லாம் 632. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரும் 635. அரக்கோணமும் சோளிங்கரும் 631. திருவண்ணாமலை நகரம் 606.

இலக்கம் இடம் மாறுவதுதான் ஆபத்து. 632-ஐ 623 என்று அடித்தால் அது ராமநாதபுரம் பக்கத்து எண். ஊர்ப்பெயர் "வேலூர்" என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும் பை பிரிப்பவர் கண் முதலில் போவது எண்ணுக்குத்தான். அதனால் அச்சடித்த பிறகு பின்கோட்டை மட்டும் தனியாக, வாய்விட்டு, ஆர்டரோடு ஒப்பிட்டுப் படியுங்கள். பத்து நொடி வேலை.

நகரத்துக்குள்ளேயே எல்லாவற்றுக்கும் 632001 போடும் பழக்கமும் இருக்கிறது. தோட்டப்பாளையம் 632004, காந்தி நகர் 632006, காட்பாடி 632007, வி.ஐ.டி. 632014. தப்பாகப் போட்டாலும் கடைசியில் போய்ச் சேரும். ஆனால் ஓர் அஞ்சலகத்துக்குப் போய், அங்கிருந்து இன்னொன்றுக்குத் திருப்பி அனுப்பி, தாமதமாகத்தான்.

பின்கோடு சரி, ஊர் சரி, ஆனாலும் எங்கோ போய்விட்டதா? பெட்டியைப் பற்றி யோசியுங்கள். வேறு கம்பெனியிலிருந்து வந்த அட்டைப் பெட்டியையே திருப்பி உபயோகித்தீர்களா? அதன் பக்கவாட்டில் பழைய லேபிளோ பழைய பார்கோடோ இருந்தால் ஸ்கேனர் எது முன்னால் தெரிகிறதோ அதைப் படித்துவிடும். பழையதை உரித்துவிடுங்கள். உரிய வரவில்லையென்றால் கறுப்பு மார்க்கரால் பார்கோட்டையும் பழைய பின்கோட்டையும் முழுக்க அடித்துவிடுங்கள். மேலே ஒரு பெருக்கல் குறி போடுவது போதாது. முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை எங்காவது ஒரு மெல்லிய பட்டை அழியாமல் தப்பியிருந்தால் அது போதும் ஸ்கேனருக்கு.

"மாவட்டமும் பின்கோடும் பொருந்தவில்லை" என்று மென்பொருள் ஏற்க மறுக்கிறது

பின்கோடு வருவாய்த் துறை எல்லையைப் பின்பற்றுவதில்லை, தபால் போகும் வழியைப் பின்பற்றுகிறது. ஆரணி திருவண்ணாமலை மாவட்டம், ஆனால் பின்கோடு 632301. 1989-ல் வட ஆற்காடு பிரிந்தது. 2019 நவம்பரில் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. இரண்டு தடவையும் மாவட்டப் பெயர்தான் மாறியது. ஆம்பூர் இன்று திருப்பத்தூர் மாவட்டம். பின்கோடு அதே 635802. ஆற்காடு இன்று ராணிப்பேட்டை மாவட்டம். பின்கோடு அதே 632503. மென்பொருளில் இருக்கும் பட்டியல் பழையது என்றால் "வேலூர்" என்று கொடுத்தால்தான் நகரும். கொடுத்துவிட்டுப் போங்கள். பார்சல் பின்கோட்டை வைத்துப் போகப் போகிறது. சில பெரியவர்கள் இன்றும் "வ.ஆ. மாவட்டம்" என்று எழுதித் தருகிறார்கள், பின்கோடு சரியாக இருந்தால் அதுவும் போய்ச் சேரும்.

"முகவரி போதாது" என்று திரும்பி வந்தது

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கம், ஜார்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வருகிறவர்கள் ஊர் திரும்பிய பிறகு ரிப்போர்ட், பிளாக் (பரிசோதனைக்கு எடுத்த திசுக்கட்டி), எக்ஸ்ரே என்று பின்னால் அனுப்ப வேண்டியது எப்போதும் இருக்கும். அவர்கள் எழுதித் தரும் முகவரியில் வில்லேஜ், பி.ஓ., பி.எஸ்., டிஸ்ட் என்று நான்கு பெயர் வரும். இடம் போதவில்லை என்று இங்கே டைப் செய்பவர் ஒன்றை வெட்டுவார். வெட்டுவது பெரும்பாலும் பி.ஓ.வாகத்தான் இருக்கும், பி.எஸ். மட்டும் மிஞ்சும். பி.எஸ். என்பது போலீஸ் ஸ்டேஷன். பி.ஓ. என்பதுதான் நாம் "அணைக்கட்டு வட்டம், இன்ன அஞ்சல்" என்று எழுதும் அந்த அஞ்சல். ஒரே பின்கோட்டின் கீழ் பல கிளை அஞ்சலகங்கள் உண்டு; அஞ்சல் பெயர் போனால் பார்சல் பெரிய அஞ்சலகத்திலேயே நின்றுவிடும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் போலீஸ் ஸ்டேஷனை வெட்டுங்கள்.

லாட்ஜில் தங்கியிருப்பவருக்கு இங்கே பார்சல் வருகிறது என்றால் லாட்ஜ் பெயரோடு அறை எண்ணும், அறை யார் பெயரில் எடுக்கப்பட்டதோ அவர் பெயரும் வேண்டும். நோயாளி ஒருவர், அறை எடுத்தவர் இன்னொருவர் என்பது அங்கே சகஜம். ரிசப்ஷனில் நோயாளியின் பெயரைச் சொன்னால் "அப்படி யாருமில்லை" என்பார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. மருத்துவமனை அட்டை எண்ணை மட்டும் லேபிளில் எழுதாதீர்கள். அது தபால்காரருக்கு உதவாது, வழியில் எல்லார் கண்ணிலும் படும்.

கதவு எண்ணில் பழையது, புதியது என்று இரண்டு இருந்தால் இரண்டையும் எழுதுங்கள், ஆனால் சாய்கோடு போட்டு அல்ல. "14/37" என்று எழுதினால் அது பதினான்காம் எண்ணின் உள்வீடா, பழையதும் புதியதுமா என்று தெரியாது. "பழைய எண் 14, புதிய எண் 37" என்று நீட்டி எழுதுவதே நல்லது.

தெருப் பெயரே இல்லாத இடங்களுக்கு, ஜவ்வாது மலை ஊர்கள் மாதிரி, இப்போது டிஜிபின் ஒரு துணை. அஞ்சல் துறை 2025-ல் கொண்டுவந்தது. ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டத்துக்கு ஒரு 10 எழுத்துக் குறியீடு. பின்கோட்டுக்குப் பதிலாக அதை எழுதக் கூடாது, கூடவே ஒரு வரியாகச் சேர்க்கலாம். என்னைக் கேட்டால் அதைவிட "ரேஷன் கடை எதிரில்" என்ற வரிக்கும் ஓடுகிற போன் நம்பருக்கும் இன்றைக்கும் மதிப்பு அதிகம்.

கவுன்டரில் பார்கோடு படிக்கவில்லை

லேபிள் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும், ஸ்கேனர் மட்டும் பீப் அடிக்காது. முதல் சந்தேகம் அச்சடிக்கும் அளவின் மேல். லேபிள் கோப்பு பெரும்பாலும் 4 அங்குலத்துக்கு 6 அங்குலம். பிரிண்ட் கொடுக்கும் பெட்டியில் "பக்கத்துக்குப் பொருத்து" என்று டிக் இருந்தால் அது 96 சதவீதமோ 94 சதவீதமோ ஆகச் சுருங்கும். சாதாரண லேபிள் பிரிண்டர் 203 டிபிஐ, அதாவது மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. அரைப் புள்ளி அச்சடிக்க அதற்கு வழியில்லை. இரண்டு புள்ளி அகலமாக இருக்க வேண்டிய கோடு 1.9 ஆனால் சில இடத்தில் இரண்டாகவும் சில இடத்தில் ஒன்றாகவும் விழும். பார்கோட்டில் செய்தியே கோடுகளின் அகல வித்தியாசம்தான். அது கலைந்தால் படிக்க என்ன மிச்சம்? "உண்மை அளவு" அல்லது 100 சதவீதம் என்று மாற்றி அடியுங்கள். பாதிப் பேருக்கு இதோடு தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் பார்கோட்டின் இரண்டு ஓரத்தையும் பாருங்கள். அங்கே வெற்று வெள்ளை இடம் வேண்டும், மிக மெல்லிய கோட்டின் அகலத்தைப் போல் பத்து மடங்காவது. கடை லோகோவையோ "உடையும் பொருள்" ஸ்டிக்கரையோ அந்த வெள்ளையில் ஒட்டினால் கோடு எங்கே தொடங்குகிறது என்று ஸ்கேனருக்குத் தெரியாது.

லேபிள் வெளிவரும் திசையில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் விழுகிறதா? பிரிண்டர் தலையில் அழுக்கு, அல்லது ஒரு புள்ளி செத்துவிட்டது. மெஷினை அணைத்து, ஆறவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். கோடு போகவில்லை என்றால் புதுத் தலை வாங்கும்வரை பார்கோட்டைத் தொண்ணூறு டிகிரி திருப்பி அச்சடிக்கலாம். அப்போது வெள்ளைக் கோடு எல்லாக் கோடுகளையும் குறுக்கே வெட்டிப் போகுமே தவிர ஒரு கோட்டை முழுசாக விழுங்காது. ஸ்கேனர் அதற்கு மேலோ கீழோ படித்துக்கொள்ளும். இப்படி அடிக்கும்போது வேகத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் கோட்டு ஓரம் இழுபடும்.

ஒட்டும் இடம்: பெட்டியின் பெரிய தட்டையான முகம். மூடி சேரும் பிளவின் மேல் ஒட்டினால் திறந்து மூடும் இடத்தில் பார்கோடு கிழியும். கூரியர் கவரில் விளிம்பில் மடித்து ஒட்டினால் பாதிக் கோடு பின்பக்கம் போய்விடும். துணி வைத்துத் தைத்த பார்சலில் லேபிள் ஒட்டவே ஒட்டாது. முகவரியைத் துணியிலேயே மார்க்கரால் எழுதி, லேபிளை ஒரு அட்டையில் ஒட்டி நாலு மூலையும் தைத்துவிடுங்கள்.

எண்ணைக் கையால் அடித்துப் பார்த்தும் "இல்லை" என்று வந்தால் எண்ணே தப்பாக இருக்கலாம். ஸ்பீடு போஸ்ட் எண் 13 இடம்: இரண்டு ஆங்கில எழுத்து, 9 இலக்கம், கடைசியில் ஐ, என் என்ற இரண்டு எழுத்து. ஒன்பதாவது இலக்கம் ஒரு சோதனை இலக்கம். முதல் எட்டை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டி, 11 ஆல் வகுத்து, மீதியை 11-லிருந்து கழித்தால் அது வரும். விடை 10 என்றால் 0, 11 என்றால் 5. உதாரணத்துக்கு 12345678: கூட்டினால் 204, மீதி 6, சோதனை இலக்கம் 5. வரவில்லை என்றால் எங்கோ ஓர் இலக்கம் மாறிப் போயிருக்கிறது.

இரண்டு பெட்டி அனுப்பும்போது ஒரே லேபிளை ஜெராக்ஸ் எடுத்து இரண்டிலும் ஒட்டுவது இன்னொரு வம்பு. முதல் பெட்டி ஸ்கேன் ஆனதும் இரண்டாவது ஏற்கெனவே ஏறியதாகக் காட்டும். பெட்டிக்கு ஓர் எண். கட்டாயம்.

லேபிள் வெள்ளையாக வருகிறது, அல்லது கறுத்துப் போகிறது

வெள்ளையாக வந்தால் தாளை நகத்தால் கீறிப் பாருங்கள். கறுப்புக் கீறல் விழும் பக்கம்தான் அச்சுப் பக்கம். ரோல் தலைகீழாக மாட்டியிருக்கும். எந்தப் பக்கம் கீறினாலும் கறுக்கவில்லையா? அது ரிப்பன் போடும் மெஷினுக்கான தாள், உங்கள் மெஷினில் எத்தனை ரோல் மாற்றினாலும் ஒன்றும் வராது. ஒரு லேபிள் விட்டு ஒரு லேபிள் வருவது வேறு விஷயம்: ரோல் அளவு மாறியிருக்கிறது, மெஷினின் இடைவெளி உணரியைப் புது ரோலுக்குப் பழக்க வேண்டும்.

கறுப்பது நம் ஊருக்கே உரிய சங்கடம். தெர்மல் தாளில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சுதான். அக்னி நட்சத்திரத்தில் பைக் பெட்டிக்குள்ளோ பூட்டிய காருக்குள்ளோ மதியம் முழுக்க வைத்தால் தாள் சாம்பல் பூத்துவிடும், கோடும் தாளும் ஒரே நிறமாகும். ரோலைத் தகரக் கூரைக்குக் கீழே பரணில் அடுக்காதீர்கள். சானிடைசர் பட்ட கையால் தொட்டாலும் கறை விழும். இதற்கு நேர்மாறாக, சில பிளாஸ்டிக் டேப்பின் பசையும் எண்ணெய்ப் பிசுக்கும் அச்சை மங்கடிக்கும். மழைக்குப் பயந்து பார்கோட்டின் மேலேயே டேப் இழுக்கிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்: சுருக்கம் விழுந்தால் பளபளப்பு, விழாவிட்டால் மங்கல். ஐப்பசி மழைக்கு லேபிளைத் தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் செருகி உறையை ஒட்டுவதே சரி. மக்கன் பேடா அனுப்புகிறவர்கள் உள் டப்பாவைத் தனியாக உறையில் கட்டுங்கள். பாகு கசிந்தால் முதலில் போவது லேபிள்தான்.

தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறது, அல்லது பாதியில் நிற்கிறது

பிரிண்டருக்குள் இருக்கும் எழுத்துருவில் தமிழ் இல்லை. லேபிளை பிடிஎஃப் ஆகவோ படமாகவோ மாற்றி அனுப்பினால் சரியாக வரும். பாதியில் நின்றால் அது எழுத்து வரம்பு. "தொரப்பாடி" நம் கண்ணுக்கு 5 எழுத்து, கணினிக்கு 9 குறியீடு. மெய்ப்புள்ளியையும் உயிர்க்குறியையும் தனியாக எண்ணும். தமிழ் முகவரியை இரண்டு வரியாக உடையுங்கள். தமிழ்நாட்டுக்குள் தமிழில் எழுதுவது தாராளமாகப் போதும், மாநிலம் தாண்டினால் ஆங்கிலத்தில். பின்கோடு எங்கும் சாதாரண எண்ணில்.

எக்செலில் இருந்து மொத்தமாக அடித்தபோது நம்பர் எல்லாம் பாழ்

போன் நம்பருக்கு முன்னால் 91 சேர்த்தால் 12 இலக்கம். எக்செல் அதை 9.1 என்று தொடங்கும் அறிவியல் எண்ணாகச் சுருக்கிவிடும். நியூஜெர்சி எடிசனில் இருக்கும் உறவுக்கு 08817 என்று அடித்தால் முன்னால் உள்ள சைபரை விழுங்கி 8817 ஆக்கும். அந்த நெடுவரிசைகளை "டெக்ஸ்ட்" என்று மாற்றிய பிறகே எண்ணை அடியுங்கள். அடித்த பிறகு மாற்றினால் போன சைபர் திரும்பாது. ஒருவர் பெயரில் இன்னொருவர் முகவரி வந்தால், பெயர் இருக்கும் நெடுவரிசையை மட்டும் தனியாக அகரவரிசைப்படுத்தியிருக்கிறீர்கள். முழு அட்டவணையையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள்.

லேபிளில் ஓர் எடை, கவுன்டரில் வேறு எடை

தராசு பொய் சொல்லவில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000 ஆல் வகுத்து, அந்த எடையையும் நிஜ எடையையும் பார்த்து எது அதிகமோ அதற்குத்தான் காசு. 33 × 20 × 12 செருப்புப் பெட்டி 7920, வகுத்தால் கிட்டத்தட்ட 1.6 கிலோ. உள்ளே செருப்பு 900 கிராம்தான். செருப்பு அனுப்புகிறவர்கள் பெட்டியைச் சுருக்குவதில்தான் லாபம் பார்க்க முடியும்.

வெளிநாட்டுப் பார்சல் சுங்கத்தில் நின்றுவிட்டது

இங்கே லேபிளோடு சுங்கப் படிவமும் ஒரு லேபிள் மாதிரிதான். சிறு பொட்டலத்துக்குச் சிஎன்22, மதிப்பு 300 எஸ்டிஆர் (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு) தாண்டினால் சிஎன்23. தடை விழுவது பெரும்பாலும் "பொருள்" என்ற வரியில். "கிஃப்ட்" என்றோ "லெதர் ஐட்டம்" என்றோ எழுதினால் சுங்க அதிகாரிக்கு அது ஒன்றுமே இல்லை. "ஆண்கள் தோல் ஷூ, 1 ஜோடி" என்று ஆங்கிலத்தில் எழுதி, எண்ணிக்கை, நிகர எடை, மதிப்பு, நாணயம் எல்லாம் தனித்தனியாகக் கொடுங்கள். எச்எஸ் எண்ணும், அதாவது பொருளின் வகையைச் சொல்லும் சுங்க எண்ணும், வேண்டும்: மேல்பகுதி தோலான காலணி 6403-ல், தோல் பர்ஸ் 4202-ல், தோல் பெல்ட் 4203-ல் வரும். பரிசாக அனுப்பினாலும் மதிப்பு சைபர் என்று போடக் கூடாது. கையெழுத்தும் தேதியும் இல்லாத படிவம் செல்லாது.

கவுன்டரில் கொடுக்கும் காகிதமும் கணினியில் ஏற்றிய விவரமும் ஒன்றாக இருக்க வேண்டும். இப்போது பார்சல் புறப்படுவதற்கு முன்பே விவரம் மின்வழியில் அந்த நாட்டுக்குப் போய்விடுகிறது. ஏற்றிய பிறகு கடைசி நேரத்தில் பெட்டிக்குள் ஒரு முறுக்குப் பொட்டலம் சேர்த்தால் இரண்டும் பொருந்தாது. சேர்த்தே தீர வேண்டும் என்றால் பழைய லேபிளை ரத்து செய்து, எடை போட்டு, புதிதாக அச்சடியுங்கள். நாட்டின் பெயர் கடைசி வரியில், தனியாக, ஆங்கிலப் பெரிய எழுத்தில்.